டிக்கிக்குள் பாம்புச்செவி

வக்கீலின் காருக்குள் ஒரு கொசு அழுதுகொண்டிருந்தது. வக்கீல் அப்படித்தான் சொன்னார். பழைய செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, புது ஸ்டீரியோ, நாலு கதவுக்கும் புது ஸ்பீக்கர், பின்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பலகையில் இன்னும் இரண்டு, டிக்கிக்குள் பெட்டி வைத்து மேளம் அதிர ஒரு சப்வூஃபர் என்று எல்லாவற்றையும் போன வாரம்தான் மாற்றிக்கொண்டு ராஜநடையாக வண்டியை எடுத்துப் போனார். இன்று காலையில் அதே வண்டியைக் கடைவாசலை அடைத்தாற்போல் நிறுத்திவிட்டு இறங்கினார். பாட்டில் மேளம் விழுகிறபோதெல்லாம் பின்பக்கத்திலிருந்து ஏதோ ஒன்று ஙொய்யென்று இழுக்கிறதாம். வண்டி நின்றால் அதுவும் நின்றுவிடுகிறதாம். கோர்ட் முடிந்து சாயங்காலம் வருகிறேன், அதற்குள் கொசுவைப் பிடித்து வையுங்கள் என்று சாவியை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரர் அந்தச் சாவியை எடுத்துத் தன் தங்கை புருஷனிடம் நீட்டினார். அவரைத்தான் ஊரே பாம்புச்செவி என்று கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் தூங்கிக்கொண்டிருந்தது, கூப்பிடுவதற்கு இதுதான். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும்போதே, இடது கதவு ஸ்பீக்கரில் ஒரு திருகாணி ஆடுகிறது என்று சொல்லி அந்தப் பெயர் எடுத்தவர். கழற்றிப் பார்த்தால் ஆடிக்கொண்டிருக்கும். அறிவியல் வாத்தியார் ஒருவர் வண்டி கொடுக்க வந்தபோது, பாம்புக்கு வெளிக்காதே கிடையாது தெரியுமா, அது தரையின் அதிர்வைத்தான் உணர்கிறது என்று சொன்னார். கடையே சிரித்தது. பாம்புச்செவிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

கடையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விட்டுப்போன சந்துக்குக் கூரை போட்டால் என்ன வருமோ அதுதான் கடை. ஒரு கார் உள்ளே வந்துவிட்டால் முன்னாலிருந்து பின்னால் போகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டு சுவரோடு சுவராக நகர வேண்டும். கல்யாணமான புதிதில் மாமனார், மச்சானுக்குக் கொஞ்ச நாள் கூடமாட இருங்கள் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. காதோரம் நரைத்தாயிற்று, இன்னமும் பாம்புச்செவி வயிற்றை எக்கிக்கொண்டுதான் நகர்கிறார். மச்சான் ஒன்றும் கெட்டவரில்லை. ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுக்கொண்டு எப்போதோ வெளியே போயிருக்கலாம்.

இப்போது வெளியே போவதற்கு ஒரு வாசல் திறந்திருந்தது. நகரத்தின் புறவழிச் சாலையில் புதிதாக வந்திருக்கும் பெரிய கார் ஷோரூமில், பாட்டுக் கேட்டுப் பார்த்து வாங்குவதற்கென்றே கண்ணாடி அறை கட்டுகிறார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் எட்டிப்பார்க்காது. அதற்குத் தலைமை வேலையாளாக பாம்புச்செவிதான் வேண்டும் என்று மேனேஜரே நேரில் வந்து கேட்டார். எவனோ ஒருவன் வண்டியில் இவர் பல வருடம் முன்பு அமைத்துக் கொடுத்த ஒலியைக் கேட்டு மயங்கிப்போனாராம். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

பாம்புச்செவி அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு பல நாளாக அலைகிறார். மச்சானிடம் பேச்சை எடுத்தாலே, இந்த வண்டி முடியட்டும் மாப்ள, அப்புறம் உட்கார்ந்து பேசலாம் என்பார். ஒரு வண்டி முடிந்தால் அடுத்த வண்டி வாசலில் நிற்கும். வீட்டில் மனைவியிடம் எடுத்தால், அவளுக்கு அப்போதுதான் துணி மடிக்கிற ஞாபகம் வரும். அண்ணனைத் தனியா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும் என்று சட்டைக் காலரைப் பார்த்துச் சொல்வாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து தன்னைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்பதில் பாம்புச்செவிக்குச் சந்தேகமே இல்லை. தன் கை போனால் கடை படுத்துவிடும், அந்தப் பயம்தான் மச்சானுக்கு என்று நினைத்தார். நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

அவருக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. இப்போது வருகிற ஸ்பீக்கர்கள் எதுவும் சரியில்லை. அந்தக் காலத்து ஸ்பீக்கரில் சலங்கைச் சத்தம் தனித்தனி மணியாக உதிரும். இப்போது எந்தக் கம்பெனி சரக்கைப் போட்டாலும் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரியே இருக்கிறது. அதனால் எந்த வண்டியானாலும் மெல்லிய சத்தத்தை ஒரு படி தூக்கித்தான் வைப்பார், பிறகு இன்னொரு படி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையை அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் இரண்டே பேர். அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

வக்கீலின் வண்டியைக் கடைக்குள் நிறுத்தி வைத்துப் பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். கொசு வரவில்லை. டிக்கி மூடியைத் திறந்து வைத்தாலும் வரவில்லை. வண்டி ஓட வேண்டும், டிக்கி சாத்தியிருக்க வேண்டும், பாட்டும் பாட வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அழும் போலிருந்தது. இந்த மாதிரி நோவுக்கு இந்தத் தொழிலில் ஒரே வைத்தியம்தான். ஒருவர் டார்ச்சோடு டிக்கிக்குள் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் மூடியைச் சாத்திவிட்டு வண்டியை ஓட்ட வேண்டும். உள்ளேயிருப்பவர் இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு எது எங்கே ஆடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இருக்கையின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் வண்டியை நிறுத்து, இரண்டு தட்டு தட்டினால் கண்டுபிடித்துவிட்டேன். மச்சான் உடம்புக்கு டிக்கி போதாது. அதனால் எப்போதும் படுப்பவர் பாம்புச்செவி, ஓட்டுகிறவர் மச்சான். இதற்கு யாரும் சீட்டுக் குலுக்கியதில்லை.

இந்த வண்டி முடிந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பாம்புச்செவி டிக்கிக்குள் காலை வைத்தார். கொசுவைப் பிடிக்கிறோம், டிக்கியிலிருந்து இறங்குகிறோம், தூசியைத் தட்டிக்கொண்டே, மச்சான், நாளையிலேருந்து நான் வரலை என்கிறோம். இறங்கும்போது சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூடி இறங்கியது.

டிக்கியில் பாதியை சப்வூஃபர் பெட்டி பிடித்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில் முழங்காலை மோவாயோடு சேர்த்து மடங்கிக் கிடந்தார். தலைக்கு நேர்மேலே, ஒரு சாண் உயரத்தில், பின்பலகை ஸ்பீக்கர்களின் காந்தங்கள் தொங்கின. வண்டி நகர்ந்து, குடோன் வரிசைக்குப் பின்னாலுள்ள வேகத்தடைச் சாலைக்குத் திரும்பியதை இடுப்பு சொல்லியது. மச்சான் தன் போனிலிருந்து பாட்டைப் போட்டார். மேளம் விலா எலும்பில் விழுந்தது. பாம்புச்செவி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்.

மேளம் கேட்டது. டயர் கேட்டது. கொசு கேட்கவில்லை.

முன்னாலிருந்து மச்சான் கத்தினார், இந்தா மாப்ள, இப்போ, இப்போ வந்துச்சு பாரு என்று. பாம்புச்செவி டார்ச்சை அடித்துக் காதை அங்கே இங்கே சாய்த்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. சப்வூஃபர் பக்கத்திலேயே இருப்பதால் அமுங்கிப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த வேகத்தடையிலும் மச்சான் கத்தினார்.

"கேக்குதா மாப்ள?"

"கேக்குது, கேக்குது" என்றார் பாம்புச்செவி. கேட்காததைக் கேட்கிறது என்று இதற்கு முன்பும் சொல்லியிருக்கிறோம் என்பது அந்த இருட்டில் நினைவுக்கு வந்தது. எப்போது, எந்த வண்டியில் என்று யோசிப்பதற்குள் பாட்டு நின்றது. மச்சானின் போனுக்கு அழைப்பு.

போன் வந்தால் கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுக்கக் கூடாது, தானே எடுத்துக்கொண்டு எல்லா ஸ்பீக்கரிலும் பேச வேண்டும் என்று வக்கீல் கேட்டிருந்தார். அப்படியே அமைத்துக் கொடுத்தது பாம்புச்செவிதான். எனவே அவருடைய மனைவியின் குரல் அவர் தலைக்கு ஒரு சாண் மேலே, வண்டி முழுக்க ஒலித்தது. கொஞ்ச காலமாக வீட்டில் வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று அவளிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் பாத்திரம் கழுவி வைத்த மாதிரி வந்தது.

"அண்ணே, அவர் பக்கத்துல இருக்காரா?"

"டிக்கியில படுத்திருக்கான். சொல்லு." மச்சான் போனில் பேசினால் அடுத்த தெருவுக்குப் போனே தேவையில்லை.

"கேட்டுடப் போறார்ணே."

"அவனுக்கா? நேருக்கு நேர் நின்னு பேசினாலே பாதிதான் போய்ச் சேருது. நீ சொல்லு."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். டிக்கிக்கும் உண்டு. அந்தக் காதுதான் அப்போது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

மனைவி சொன்னாள்: ஷோரூமிலிருந்து வீட்டுக்கே போன் வந்ததாம். சேருவதற்கு முன்னால் காதுப் பரிசோதனை ஒன்று வைப்போம், பெயருக்குத்தான், பயப்பட வேண்டாம் என்று சிரித்தார்களாம். அவளுக்குக் கைகால் ஓடவில்லை. மச்சான் வண்டியை ஒரு வேகத்தடையில் ஏற்றி இறக்கினார். பிறகு, இன்னைக்கும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடறேன், ஆனா எத்தனை நாளைக்கும்மா அணை போடறது என்றார். ஒவ்வொரு வண்டியும் இவர் அமைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, மச்சான் திரும்ப உட்கார்ந்து மெல்லிய சத்தத்தையெல்லாம் இறக்கிவைக்கிறாராம். இந்த வக்கீல் வண்டியில் மறந்துவிட்டார். முதல் நாளே வக்கீல் வீட்டம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டதாம். அதை வக்கீல் மச்சானிடம் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

"டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடலாம்ணே."

"யாரு சொல்றது? நீ சொல்றியா?"

மச்சானே மேலே பேசினார்.

"காதுதான் அவன் சொத்து. அது போயிடுச்சுன்னு அவன்கிட்ட நான் சொல்லணுமா? என்னால ஆகாது. நீயும் சொல்லாத. கடைக்குள்ளயே இருந்துட்டுப் போகட்டும், நான் பார்த்துக்கறேன்."

"சரிண்ணே" என்றாள். அழுதிருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டதா, கேட்டதாக நினைத்துக்கொண்டாரா என்று அவருக்கே தெரியவில்லை. பாட்டு திரும்ப ஆரம்பித்தது.

பாம்புச்செவியின் மடக்கிய கை இருக்கை முதுகுக்கு நேரே உயர்ந்திருந்தது. ஒரு தட்டு தட்டினால் வண்டி நின்றுவிடும். மூடி திறக்கும். திறந்தவுடன் மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குத் தெம்பு இல்லை. தட்டாமல் கிடந்தால் இந்த இருட்டிலேயே கிடக்க வேண்டும். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. உயர்த்திய கை அப்படியே நின்றது.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. டிக்கி சின்னதாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன: ஃபிரிஜ் கதவு திறந்தே கிடக்கிறது, அது இவ்வளவு நேரம் கத்துகிறதே, பக்கத்திலேயே இருக்கிறீர்களே என்று மனைவி ஓடிவந்து சாத்தியது. காலையில் குருவிகள் இப்போதெல்லாம் வருவதில்லை என்று அவர் சொன்னபோது அவள் ஜன்னலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது. சாயங்காலம் ஆனால், நீ கிளம்பு மாப்ள, நான் பூட்டிக்கறேன் என்று மச்சான் துரத்தாத குறையாக அனுப்பியது. அதைப் பாசம் என்று நினைத்து ஒரு நாள் மனைவியிடம் புகழ்ந்துகூடப் பேசியிருக்கிறார். பாசம்தான். அதுதான் பொறுக்கவில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று மற்றவர்களைச் சொல்லித் திரிந்த வாய் இது. ஊரெல்லாம் சங்கு ஊதிக்கொண்டிருந்திருக்கிறது.

அண்ணனும் தங்கையும் கட்டிவைத்த கயிறு என்று எதை நினைத்தாரோ, அது கயிறே இல்லை. அவர் விழாமலிருக்கப் பிடித்துக்கொண்டிருந்த கை. பிடித்தாலும் கட்டினாலும் நகர முடியாதது ஒன்றுதானே என்று கோபம் வந்தது. தன்னைக் கேட்காமல் தன்னைப் பற்றித் தீர்மானம் செய்துவிட்டார்களே என்ற கோபம். அந்தக் கோபத்தில்தான் கையை அசைக்க முடிந்தது.

டார்ச்சை அணைத்தார். காதை நம்பிப் பயனில்லை என்றாகிவிட்டது. விரல்களை மேலே கொண்டுபோய்ப் பலகையின் அடிப்பக்கத்தைத் தடவினார். மேளம் விழும்போது எல்லாம் அதிர்ந்தது. ஆனால் பின்கண்ணாடியோரம் பிரேக் விளக்கைப் பிடித்திருக்கும் கிளிப் மட்டும் மேளம் நின்ற பிறகும் கொஞ்சம் நடுங்கியது. அதை விரலால் அழுத்தினார். நடுக்கம் நின்றது. இருக்கை முதுகில் இரண்டு தட்டு தட்டினார்.

மூடி திறந்தபோது கண் கூசியது. மச்சான் பெரிய முகத்தோடு குனிந்து, எங்க மாப்ள என்றார். பாம்புச்செவி இறங்கி, தூசியைத் தட்டினார். இறங்கும்போது சொல்வதற்கு வைத்திருந்த வார்த்தை வாயில் இல்லை. கிளிப்பைக் காட்டினார். கடைக்குத் திரும்பி, அதைக் கழற்றி, மெத்தென்ற துணி நாடாவைச் சுற்றித் திரும்ப மாட்டினார். கை வழக்கம்போல வேலை செய்தது. மச்சான் பின் இருக்கையில் உட்கார்ந்துகொள்ள, இவரே ஒரு சுற்று ஓட்டினார். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் கண்ணாடியில் மச்சானைப் பார்த்தார்.

"போயிடுச்சு மாப்ள. சுத்தமாப் போயிடுச்சு. பாம்புச்செவின்னா சும்மாவா" என்றார் மச்சான்.

எத்தனை வருடமாக இந்த முகத்தைப் பார்த்து வேலை செய்திருக்கிறார். வாடிக்கையாளர் திருப்திப்பட்டாரா என்பதை மச்சானின் புருவத்திலேயே இவர் படித்துவிடுவார். இன்று அந்தப் புருவத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. கொசு நிஜமாகவே போயிருக்கலாம். இவர் மனம் நோகக் கூடாது என்று போகாததைப் போயிற்று என்று சொல்லியிருக்கலாம். பிறகு மச்சானே தனியாக இருக்கும்போது சரிசெய்துவிட்டு வக்கீலுக்குச் சாவியைக் கொடுத்துவிடலாம். எதுவென்று இவருக்குத் தெரிய வழியே இல்லை. இனிமேல் எந்த வண்டியிலும் தெரிய வழியில்லை. டிக்கியிலிருந்து இறங்கியும் மூடி திறக்கவே இல்லை என்று தோன்றியது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"மச்சான், நீங்க ஒருதடவை டிக்கியில படுங்க. நான் ஓட்டறேன்."

மச்சான் சிரித்தார். நான் படுத்தா வண்டி பின்பக்கம் உட்கார்ந்துடும் மாப்ள என்றார். அதான் போயிடுச்சே, எதுக்கு என்றார். பாம்புச்செவி டிக்கியைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இப்படி நின்று மச்சான் பார்த்ததில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தார். வயிறு போக மறுத்தது. மூச்சை இழுத்துப் பிடித்து, சப்வூஃபர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒருவழியாகப் படுத்தார். பாம்புச்செவி மூடியைச் சாத்தினார்.

வண்டியை எடுத்தார். பாட்டைப் போடவில்லை. குடோன் சாலைக்குத் திரும்பி, மெதுவாக ஓட்டிக்கொண்டு பேசினார்.

"மச்சான், நீங்க பதில் சொல்ல வேண்டாம். சும்மா கேளுங்க. கொஞ்ச நேரம் முன்னாடி நானும் அங்கதான் படுத்திருந்தேன். அங்க எல்லாமே நல்லாக் கேக்கும்."

பிறகு இருக்கை முதுகில் தடாலென்று ஒரு தட்டு விழுந்தது. நிறுத்து என்று அர்த்தம்.

"நிறுத்த மாட்டேன்" என்றார் பாம்புச்செவி.

இன்னொரு தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, இந்த முறை பலமில்லாமல். அப்புறம் தட்டு வரவில்லை. உள்ளே எப்படி மடங்கிக் கிடப்பார், மூடியின் இரும்பு நெற்றியை எப்படித் தொட்டுக்கொண்டிருக்கும் என்று பாம்புச்செவிக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் இரண்டு பேரில் ஒருவர் எழுந்து டீ வாங்கப் போய்விடுவோம் என்பதும் அவருக்குத் தெரியும்.

ஒரு கையால் தன் போனை ஸ்டீரியோவோடு இணைத்து, ஷோரூம் மேனேஜரை அழைத்தார். மணி அடிப்பது வண்டி முழுக்கக் கேட்டது. மேனேஜர் உற்சாகமாக எடுத்து, உங்க போனுக்குத்தான் காத்திருக்கேன், நல்ல சேதிதானே என்றார்.

"சார், எனக்கு மெல்லிசான சத்தம் எதுவும் கேக்கறதில்லை" என்றார் பாம்புச்செவி.

வாய்க்கு வெளியே வந்து விழுந்த பிறகு அந்த வாக்கியம் அவ்வளவு பெரிதாக இல்லை. மேனேஜர் சிரித்தார், விளையாட்டு என்று நினைத்து. விளையாட்டில்லை, கொசு, குருவி, சலங்கை, ஃபிரிஜ் எதுவும் கேட்பதில்லை, எத்தனை நாளாக என்று எனக்கே தெரியாது, இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன், இன்னும் டாக்டரைப் பார்க்கவில்லை என்று பாம்புச்செவி பொறுமையாகச் சொன்னார். மேனேஜர் கொஞ்சம் இருமினார். டாக்டரைப் பாருங்க, நாங்களும் மேலிடத்துல பேசிப் பார்த்துட்டுச் சொல்றோம் என்றார். பார்த்துட்டுச் சொல்றோம் என்றால் என்னவென்று அர்த்தம் சொல்லத் தேவையில்லை. வாசல் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பஞ்சுச் சுவர் வைத்த அறைக் கதவு அப்படித்தான் சாத்தும் போலிருக்கிறது.

பாம்புச்செவி கொஞ்ச தூரம் சும்மா ஓட்டினார். அழுகை வந்தால் வரட்டும், பின்னால் இருப்பவருக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருக்குத்தான் எல்லாம் கேட்குமே.

சாலையின் கடைசியில் வண்டியைத் திருப்பினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு காலையில் போட்ட அதே பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கூட்டும் முன் சொன்னார்:

"மச்சான், ஒரே ஒரு விஷயம். கொசு போயிடுச்சுன்னா ஒரு தட்டு. இன்னும் இருக்குன்னா ரெண்டு தட்டு. என் மூஞ்சிக்காக ஒரு தட்டு தட்டினீங்கன்னா, நாளையிலேருந்து நான் எந்த வண்டியையும் தொட மாட்டேன். வீட்டுலயே உக்காந்துடுவேன். உங்க தங்கச்சி மேல சத்தியம்."

பாட்டு எழுந்தது. முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. மேளம் நெஞ்சில் இடித்தது. வேறு எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது வேகத்தடை. பின்னால் இருப்பவர் யோசிக்கிறாரா, தூங்கிவிட்டாரா, மூச்சு முட்டுகிறதா என்று பயந்தார். மூன்றாவது தடையில் இறங்கும்போது இருக்கை முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

பாம்புச்செவியின் கால் பிரேக்குக்குப் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தார். பொய்யாகத்தான் இருக்கும். மெய்யாக இருந்தாலும் அதை நம்புவதற்கு இனி அவரிடம் ஒன்றுமில்லை. வண்டி வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நின்றுவிட்டது.

அப்போது இரண்டாவது தட்டு விழுந்தது.

தயங்கித் தயங்கி வந்த தட்டு. ஆனால் கனமான தட்டு, தரையே அதிரும் தட்டு. முதுகெலும்பு வழியாக ஏறிக் காதுக்குள் முழுசாக வந்து சேர்ந்தது. எந்தச் சத்தத்தையும் இவ்வளவு தெளிவாக அவர் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். மச்சான் மடங்கிக் கிடந்தபடியே அண்ணாந்து பார்த்தார். கண் இரண்டும் சிவந்து, சட்டையெல்லாம் தூசி. ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாப்ள, நான் வந்து, என்று ஆரம்பித்ததைப் பாம்புச்செவி கேட்காதவர் போல நின்றார்.

"எங்கேருந்து வருது?" என்றார்.

மச்சான் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கையை வெளியே நீட்டி, மூடியின் இடது கீலுக்குப் பக்கத்தில் ஒயர் போகும் இடத்தைச் சுட்டினார். பாம்புச்செவி சட்டைப் பையிலிருந்து துணி நாடாவை எடுத்து, அந்த விரல் காட்டிய இடத்தில் கையை வைத்தார்.